பக்கு

இரவுப் பணி முடிந்து வெளியே வந்தேன்.
மருத்துவமனைக் கார் நிறுத்தத்தின் ஓரப் பாத்தியில்
எந்த டயரோ ஏறி
எச்சிவேரியா ஒன்று முறிந்து கிடந்தது.
பெயரில்தான் எச்சில். செடி சுத்தம்.
தலை தனி, தண்டு தனி,
இலைகள் தார்மேல்.
பையில் ஒரு கையுறை இருந்தது.
அதன் ஐந்து விரலும் கொள்ளுமட்டும் பொறுக்கினேன்.

வாகா வாகாவில் மே மாதம்.
வெளியே வைத்தால் உறைபனி தின்றுவிடும்.
வீட்டில் வடக்கு ஜன்னல் இருக்கிறது
(இங்கே வெயில் வடக்கிலிருந்து வருகிறது;
நம்புவதற்கே எனக்கு நாலு வருடம் ஆனது).
அங்கே, முட்டை அட்டையில்,
குழிக்கு ஒன்றாக இலைகளை வைத்தேன்.
பதினேழு.
தலையை மட்டும் காலித் தம்ளரின் வாயில்
காலைத் தொங்கவிட்டு உட்கார்த்தினேன்.
மண் கிடையாது. தண்ணீர் கிடையாது.

என் தொழில் புண்களைப் பார்ப்பது.
ஒவ்வொரு படுக்கையிலும் நான் சொல்வது இது:
காய விடாதீர்கள்,
ஈரத்தில்தான் தோல் நடந்து வரும்.
ஒன்பதாம் படுக்கை கெல்லெஹருக்கு
கணுக்காலில் ஒரு குழி.
ஐந்து வாரமாகக் கழுவி, ஜெல் இட்டு,
மூடி, மேலே தேதி எழுதுகிறேன்.

வீட்டிலோ எல்லாம் தலைகீழ்.
முறிந்த வாய் காய வேண்டும்.
ஒரு சொட்டு பட்டாலும் கறுத்து அழுகும்.
தட்டோரம் ஒட்டிக் காய்ந்த சோற்றுப்பருக்கை போல
அங்கே ஒரு பக்கு கட்டிய பிறகுதான்
மற்றதெல்லாம்.

பன்னிரண்டாம் நாள்
நாலாம் குழியில் இளஞ்சிவப்பாய் ஒரு மயிர்.
மண்ணே இல்லாத அட்டையில்
காற்றைத் துழாவிக்கொண்டு நின்றது,
மின்சாரம் போன வீட்டில்
தீப்பெட்டி தேடும் கை மாதிரி.

படம் எடுத்து மெரினிடம் காட்டினேன்.
"அட, உன்னைப் போலவே" என்றாள்.
பிடுங்கி நட்ட கதையை என்னிடம் எதிர்பார்க்கிறாள்.
நான் முறிந்து வரவில்லை, மெரின்.
முப்பது கிலோ பெட்டியோடு,
ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கி வந்தேன்.
இது இலை. இலையாகவே பார்.

எல்லாம் ஒன்றுபோல் இல்லை.
இரண்டு, எட்டு, பதினொன்று: கண்ணாடி போல் ஊறிச் செத்தன.
ஆறு வேர் விடாமலே
கடுகளவு பூ போல ஒரு குட்டி விட்டது;
தாய் இலையை உறிஞ்சியே வளர்கிறது,
இலை நாளுக்கு நாள் கிழட்டு விரல்நுனியாகிறது.
பதினேழில் வேர் மட்டும்.

தலைதான் என்னைப் படுத்தியது.
தயிர் டப்பாவில் மணல் கலந்து நட்டேன்.
ஐந்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தேன். வெறுங்கால்.
பதினைந்தாம் நாள் மறுபடி பிடுங்கினேன்.
வெள்ளை நூலாக மூன்று வேர்.
இரண்டு, என் விரலிலேயே அறுந்து ஒட்டியிருந்தன.

அன்றிரவு கெல்லெஹர் கட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.
கையைத் தட்டிவிட்டேன்.
திறந்து திறந்து பார்த்தால்
புதுத்தோல் பிளாஸ்திரியோடு வந்துவிடும் என்றேன்.
சொல்லும்போதே
நகக்கண்ணில் மணல் உறுத்தியது.
"எப்போதுதான் பார்ப்பது?"
"வியாழக்கிழமை."
"நீ பார்ப்பாயா அல்லது நானா?"
"இரண்டு பேரும்."

வியாழன்.
குழி ஆழம் குறைந்திருந்தது,
சுற்றிலும் கோழிக்குஞ்சின் அலகு நிறத்தில் ஒரு விளிம்பு.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
தலையணையைச் சரிசெய்யச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
தலையின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து
லேசாக, மிக லேசாகத் தூக்கினேன்.
டப்பாவும் சேர்ந்து எழுந்தது.
அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

பதினேழு இன்னும் வேர் மட்டும்தான்.
குழி நிறையச் சுருண்டு கிடக்கிறது.
தலை வைக்கும் எண்ணமே காணோம்.
இருக்கட்டும்.
புதன்கிழமை அதற்கும் ஒரு மூடி தண்ணீர்.